தள்ளிக்கொண்டு போன சைக்கிள்கள்

விழுப்புரம்
18-10-1986, சனிக்கிழமை

என் கண்ணு தேவநாதனுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. மயிலம் முருகன் புண்ணியத்தில் இங்கே நான், அப்பா, சிவப்புப் பசு, போன வெள்ளிக்கிழமை அது போட்ட கிடாரிக்கன்று எல்லோரும் சுகம், நீ அந்தப் பிலாய் இரும்பாலையில் ஷிப்டு மாறி மாறி வேலைக்குப் போய்க்கொண்டு வேளைக்குச் சாப்பிடுகிறாயா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று தெரியவில்லை, உன் கடிதத்தில் ஊர்ப்பட்ட சமாசாரம் இருக்கிறது, அது மட்டும் இருப்பதில்லை. சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர மனசு சுகமாக இல்லை கண்ணு. இன்லண்டு லெட்டரில் அடங்காது என்று நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன், பின்பக்கம் முழுக்கக் கோடு கோடாக இருப்பதைப் பார்த்து அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயப்படாதே, அந்தக் கோடுகளால் வந்த வினைதான் இவ்வளவும்.

முதலில் உன் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் உனக்குப் பார்த்த பெண் நின்றுபோய்விட்டது. பெண் வீட்டார் உன் பெரியம்மாவின் தாய்வீட்டு உறவு, உன் பெரியப்பா துரைக்கண்ணு தலையை மேலும் கீழும் ஆட்டினால் நடக்கும், பக்கவாட்டில் ஆட்டினால் நிற்கும், அவர் பக்கவாட்டில் ஆட்டிவிட்டார். அதோடு விடவில்லை, நம் நிலத்துக்கு அவர் மோட்டாரிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரையும் புதன்கிழமையோடு நிறுத்திவிட்டார். நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர், மழை இன்னும் பிடிக்கவில்லை, உன் அப்பா வரப்பில் போய் நிற்கிறார், வருகிறார், மறுபடியும் போய் நிற்கிறார், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். மாசி மாதம் என்னைக் கவுன்சிலருக்கு நிறுத்தி ஜெயிக்க வைத்தது பெரியப்பாதான், நான் எட்டாங்கிளாஸ் படித்தவள், கையெழுத்து அழகாக இருக்கும், சொன்ன இடத்தில் போடுவேன் என்றுதான் நிறுத்தினார், அது எனக்கும் தெரியும். ஆவணியில் முனிசிபாலிட்டிக்கு ஒரு பணம் வந்தது, ஊருக்குள் நடக்கிறவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் தனிப்பாதை போட. நீ போன வருஷம் எழுதியிருந்தாயே, அங்கே பெரிய ரோட்டுக்குப் பக்கத்தில் சைக்கிளுக்கென்று தனிப்பாதை இருக்கிறது, ஷிப்டு விட்டால் ஆயிரம் பேர் ஒன்றாக மிதித்துக்கொண்டு வருவோம், யார் எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை என்று, அதை நான் நான்கு பேருக்குப் படித்துக்காட்டினேன், அந்த ஆசையில் நம் வார்டுக்கும் வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். ஆனால் பணம் ஒரு பாதைக்குத்தான் காணும், நம் வார்டில் கேட்டதோ இரண்டு. ஒன்று நம் தெருவின் மேலண்டைக் கோடியிலிருந்து பெரியப்பா ரைஸ்மில்லை ஒட்டிப் பஸ் ஸ்டாண்டுக்குப் போவது. இன்னொன்று காலனியிலிருந்து வாய்க்கால் கரையோடு போய், வாய்க்காலுக்கு ஒரு சின்னப் பாலம் போட்டு, பெண்கள் பள்ளிக்கூடத்தின் பின்வாசலுக்கும் ஸ்டேஷன் ரோட்டுக்கும் சேர்வது.

காலனிக்கு இப்போது இருக்கிற வழி உனக்குத் தெரியும், மதகைத் தாண்டி நம் தெருவுக்குள் நுழைந்து சுற்றிக்கொண்டுதான் எங்கேயும் போக வேண்டும். மழை வந்தால் மதகுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர், அப்போது பிள்ளைகள் ரயில் பாலத்தின் மேல் கட்டைக்குக் கட்டை தாண்டிப் பள்ளிக்கூடம் போகும். போன ஐப்பசியில் உன் சிநேகிதன் முத்துசாமியின் தங்கை சின்னபொண்ணு பாலத்தின் நடுவில் இருக்கும்போது வண்டி வந்துவிட்டது, பையோடு தண்ணீரில் குதித்ததால் உயிர் பிழைத்தது, இடது கை முறிந்தது, இன்னமும் அந்தக் கையால் குடம் தூக்க முடியவில்லை. முத்துசாமி இப்போது ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கிற கேங்மேன், மழைநாளில் டூட்டிக்கு முன்னால் அவனே பாலத்தின் முனையில் கொடியோடு நின்று பிள்ளைகளை அக்கரை சேர்க்கிறான், அவனுக்கு வேறு பக்கம் டூட்டி விழுந்தால் அதுவும் இல்லை. இந்த வருஷம் முப்பத்தொரு பெண்கள் காலனியிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள்.

எது முக்கியம் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், தெரியவும் தெரிந்தது, ஆனால் ஓவர்சீயர் ராயப்பன் வந்து, பணம் சைக்கிள் பாதைக்கு வந்தது, எந்தப் பாதையில் சைக்கிள் அதிகமோ அதற்குத்தான் கொடுக்க முடியும், என்னிடம் ஆள் இல்லை, நீங்களே மூன்று நாள் உட்கார்ந்து எண்ணிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். எனக்கு ஒரே பெருமை. தெருமுனைப் பிள்ளையார் கோயில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, காலை ஆறிலிருந்து பத்து, சாயங்காலம் நான்கிலிருந்து ஏழு, நோட்டில் இரண்டு பத்தி, நடை ஒன்று சைக்கிள் ஒன்று, ஆளுக்கு ஒரு கோடு. மோர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. மேலண்டைப் பக்கம் போனவர்களில் ஒரு நாளைக்குச் சைக்கிள் தொண்ணூற்றாறு. காலனிப் பக்கமிருந்து வந்தவர்களில் நடை இருநூற்றுச் சில்லறை, சைக்கிள் ஒன்பது. அந்த ஒன்பதும் நம் ஆட்கள், காலனியில் வேலையாக இருந்து திரும்பியவர்கள். கணக்கு சொல்லிவிட்டதே, நான் என்ன செய்ய என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், பெரியப்பா அன்றைக்கு அரைக்கிலோ மைசூர்பாகு வாங்கி வந்தார், நானும் தின்றேன்.

மறுநாள் மனசு கேட்கவில்லை, சின்னபொண்ணு வீட்டில் நேரில் போய்ச் சொல்லிவிடலாம், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று ஆறுதல் சொல்லலாம் என்று கிளம்பினேன். சாயங்காலம் மில்லு வேலை விடுகிற நேரம். மதகின் மேல் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன், பின்னாலிருந்து ஒரு சைக்கிள் பெல் அடித்துக்கொண்டு போனது, அப்புறம் இரண்டு, அப்புறம் ஐந்து, காரியரில் தூக்குவாளி, பின்னால் பெண்டாட்டி, முன்னால் பிள்ளை, ஒரு ஊர்வலமே போனது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று நாள் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேனே, இவ்வளவு சைக்கிளும் எங்கே இருந்தது என்று. அதில் முத்துசாமியும் வந்தான், என்னைப் பார்த்து இறங்கினான், நான் அவனிடமே கேட்டேன், ஏன்டா முத்துசாமி, காலனியில எப்படா இத்தினி சைக்கிளு வாங்கினீங்கன்னு. அவன் சிரித்தான் கண்ணு, கோபப்பட்டிருந்தால் தேவலை. "எல்லாம் பழைய சைக்கிளுதாம்மா. உங்க தெருவுல நாங்க எப்பம்மா ஏறி மிதிச்சிருக்கோம்? மொத வூட்டாண்ட எறங்கிக் கடைசி வூடு வரைக்கும் தள்ளிக்கினுதானே வர்றோம்" என்றான்.

நான் பார்க்காமல் இல்லை. பார்த்தேன். தள்ளிக்கொண்டு வருகிற ஒவ்வொருவனையும் பார்த்து, நடை என்ற பத்தியில் ஒரு கோடு போட்டேன். நான் வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவர்கள் அப்படித்தான் போகிறார்கள், யார் வைத்த சட்டமோ, யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை, அவன் கையில் சைக்கிள் இருந்தாலும் அவன் நடக்கிறவன்தான் என்று என் கண்ணுக்குப் பழகிவிட்டது. முப்பது வருஷம் அந்தத் தெருவில் வாசல் பெருக்கியிருக்கிறேன். அங்கேயே மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் உன் ஞாபகம் வந்தது. நீயும் முத்துசாமியும் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும்போது இரண்டு வருஷம் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தீர்களே, தெருமுனையில் அவன் இறங்குவான், கூடவே நீயும் இறங்குவாய், நம் வீட்டு வாசலைத் தாண்டி அவனோடு கடைசி வீடு வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு அப்புறம் ஏறி மிதித்துக்கொண்டு வருவாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, உன் வண்டி தினமும் பஞ்சராகிறது என்று நினைத்தேன். உன் அப்பாவிடம் சண்டை போட்டுக் காசு வாங்கி இரண்டு தடவை டியூப் மாற்றினேன். மேலண்டைத் தெரு சைக்கிள் கடைக்காரன் டியூபில் ஓட்டையே இல்லைம்மா என்றான், அவனைத் திருடன் என்று நடுத்தெருவில் நின்று ஏசினேன். நீ பக்கத்தில் நின்று தலையைக் குனிந்துகொண்டிருந்தாய். ஏன்டா கண்ணு ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொன்னால் அம்மாவுக்குப் புரியாது என்று நினைத்தாயா, இல்லை புரிந்தால் அவன் சிநேகிதத்தை வெட்டிவிடுவேன் என்று பயந்தாயா. இரண்டாவதுதான் என்றால் நான் உன்மேல் கோபப்பட முடியாது, அந்தக் காலத்தில் வெட்டித்தான் இருப்பேன்.

மறுநாளே ஆபீசுக்குப் போய்க் கணக்கு தப்பு, தப்பு என்னுடையது, மறுபடி எண்ண வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். விஷயம் மத்தியானத்துக்குள் தெருவுக்கு வந்துவிட்டது. பெரியப்பா வாசலில் நின்றுகொண்டே, உள்ளே வரவில்லை, "ஏன்டா சுப்பராயலு, உம் பொண்டாட்டிக்கு ஓட்டு வாங்கிக் குடுத்தது யாரு? தள்ளிக்கினு போறவனையெல்லாம் சைக்கிள்ல போறவன்னு எழுதினா, நாளைக்கி அவனுங்க ஏறிக்கினு போவ மாட்டானுங்களா?" என்று சத்தம் போட்டார். உன் அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஆனால் மறுநாள் காலை ஓவர்சீயரும் நானும் மதகில் உட்கார்ந்து எண்ணும்போது வெயில் ஏறியது, திரும்பிப் பார்த்தால் அப்பா குடையோடு நிற்கிறார், பத்து மணிவரை என் தலைக்குமேல் பிடித்துக்கொண்டே நின்றார். இந்தத் தடவை சைக்கிள் நூற்று நாற்பத்து மூன்று. அன்றைக்குச் சாயங்காலம்தான் மோட்டார் தண்ணீர் நின்றது.

திங்கட்கிழமை கமிட்டிக் கூட்டம். மொத்தம் ஒன்பது பேர், ஐந்து ஓட்டு வேண்டும். என்னோடு சேர்ந்து நான்கு இருக்கிறது, மற்ற ஐந்தும் தன் பக்கம் என்று பெரியப்பா சொல்லித் திரிகிறார், அதில் ஒருவர் ஸ்டேஷன் வார்டு அந்தோணிசாமி, ரிட்டையர் ஆன இன்ஜின் டிரைவர், பெரியப்பா வீட்டில்தான் குடியிருக்கிறார், அவரால் எதிர்த்து ஓட்டுப் போட முடியாது. பாஸ் ஆனால் ஒரு வாரத்தில் பனங்கட்டை அடுக்கித் தற்காலிகப் பாலம் போட்டுத் தருகிறேன், தையில் கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் ஓவர்சீயர். ஆகாவிட்டால் இந்த மழையும் ரயில் பாலம்தான். வானம் தெற்கே கறுத்திருக்கிறது. மழை வந்தால் நம் பயிர் பிழைக்கும், மழை வந்தால் அந்தப் பெண்கள் பாலத்தில் ஏற வேண்டும், விளக்கு ஏற்றிவிட்டு என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வருகிறேன். மீதியைக் கூட்டம் முடிந்து எழுதுகிறேன், அதுவரை இந்தக் கவரை ஒட்டப்போவதில்லை.

திங்கட்கிழமை, சாயங்காலம்

கண்ணு, ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை இன்னும் விடவில்லை. வயலில் தண்ணீர் நிற்கிறது, அப்பா முகத்தில் கொஞ்சம் உயிர் வந்திருக்கிறது. பள்ளமும் நிறைந்துவிட்டது, காலையில் நான் கூட்டத்துக்குப் புறப்படும்போதே பெண்கள் ரயில் பாலம் ஏறிவிட்டார்கள் என்று தெரியும், முத்துசாமிக்கு இன்றைக்குத் திருவெண்ணெய்நல்லூர் பக்கம் டூட்டி. கூட்டத்தில் என் காது பாதி அங்கே பேசுவதிலும் பாதி ரயில் விசிலிலும் இருந்தது.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். ஒருவர், தள்ளிக்கினு போறது நடைக் கணக்கா சைக்கிள் கணக்கா, அதை முதல்ல முடிவு பண்ணுங்க என்றார், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது, அழவில்லை, சைக்கிள் வாங்கினவன் தள்ளுவதற்கா வாங்கினான் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது, ஆனால் கை தூக்கச் சொன்னபோது என் பக்கம் நான்குதான். எதிர்ப் பக்கம் எண்ணினார்கள், அதிலும் நான்குதான். அந்தோணிசாமி கையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். தலைவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்தார். "நான் முப்பது வருஷம் இன்ஜின் ஓட்டிக்கினு இருந்தவன். அந்தப் பாலத்தாண்ட வந்தாலே தூரத்துல புள்ளைங்க தலை தெரியும், பிரேக் புடிச்சாலும் வண்டி ஒடனே நிக்காது, விசில் அடிக்கிறதத் தவிர ஒண்ணும் பண்ண முடியாது. போன வருஷம் அந்தப் பொண்ணு குதிச்ச வண்டியும் என் வண்டிதான். அதுக்கப்புறம் நான் இன்ஜின் ஏறல. துரைக்கண்ணு வூட்டுல குடியிருக்கேன், வேணும்னா நாளைக்கே ஜல்தியா காலி பண்ணிக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டுக் கையைத் தூக்கினார். வெளியே வந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிடப் போனேன், வாணாம்மா, போய்ப் புள்ளைங்க வந்துட்டுதான்னு பாருங்க என்று அனுப்பிவிட்டார்.

நேரே மதகுக்குப் போய், பள்ளத்துத் தண்ணீரில் இறங்கிக் காலனிக்குப் போனேன். முப்பத்தொரு பெண்களும் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார்கள், தலையை எண்ணினேன், இந்தத் தடவை தப்பில்லாமல் எண்ணினேன். முத்துசாமியின் அம்மா அஞ்சம்மாளிடம் பாலம் பாஸ் ஆகிவிட்டது, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று சொன்னேன். அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "பாதை வரட்டும்மா, புள்ளைங்க உசுரு பொழைக்கும். ஆனா பாதை வந்துட்டா நாங்க உங்க தெருப் பக்கமே வர வாணாம்னு ஆயிடுமே, அதுக்குத்தான் எல்லாரும் ஒத்துக்கினாங்களாம்மா? உங்க தெருவுல ஏறி மிதிக்கலாமா வாணாமா, அதுக்கு யாரு ஓட்டுப் போடுவாங்க?" என்று கேட்டாள். ஜெயித்துவிட்டேன் என்ற பெருமை அந்த இடத்திலேயே போய்விட்டது.

திரும்பும்போது டூட்டி முடிந்து வந்த முத்துசாமி, இருட்டுமுன் வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன் என்று கூடவே வந்தான். முதல் வீடு வந்ததும் சைக்கிளைத் தள்ளுகிற கை தானாக ஒதுங்கி ஓரத்துக்குப் போனது. நடுவுல வாடா, ஏறி மிதி, நான் சொல்றேன் என்றேன். "நீங்க ஒருத்தர் சொன்னா போதுமாம்மா? நாளைக்கி அடி வாங்கறது நானு" என்றான். நியாயந்தான், எனக்குப் போவது தண்ணீர், அவனுக்குப் போவது உடம்பு. அவன் தள்ளிக்கொண்டு வர நான் பக்கத்தில் நடந்தேன், தெருவில் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்த்தார்கள். நம் தெரு அவ்வளவு நீளம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நீ இரண்டு வருஷம் தினமும் நடந்திருக்கிறாயே என்று நினைத்துக்கொண்டே வந்தேன்.

வாசலில் அவனிடம் கேட்டேன், தேவநாதன் பொங்கலுக்கு வருவான், அவன்கூட வந்தா ஏறுவியாடா என்று. அவன் பெல்லைத் திருகிக்கொண்டே, "மொதல்ல அவன் மிதிக்கட்டும், பின்னாடியே நான் வர்றேனா இல்லையா பாருங்க" என்றான். அவன் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன், அவனைக் கேட்காமல் நான் எழுதியிருக்க மாட்டேன். நீ தள்ளிக்கொண்டு போனது தப்பு என்று சொல்லவில்லை, பதினாறு வயதில் உனக்குத் தெரிந்த மரியாதை அது. இப்போது உனக்கு இருபத்தெட்டு.

கடவுள் உனக்குத் தீர்க்காயுசும் நல்ல புத்தியும் கொடுக்கட்டும், கொடுத்திருக்கிற புத்தி குறையாமல் இருந்தால் போதும். அங்கே பனி தொடங்குமுன் கம்பளி வாங்கிக்கொள், காசு அனுப்புவதைவிட அது முக்கியம், திண்டிவனத்துப் பெண் போனால் போகட்டும், தலையாட்டலுக்காகக் காத்திருக்கிற வீட்டில் நமக்குச் சம்பந்தம் வேண்டாம். மாட்டுக்கொட்டகையில் தொங்குகிற உன் சைக்கிளை அப்பா இன்றைக்கு இறக்கித் துடைத்து வைத்தார், அதே கடைக்காரனிடம் கொடுத்து டயர் மாற்றச் சொல்லியிருக்கிறேன், அவனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். பொங்கலுக்கு லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதே. நீ வருகிற அன்றைக்கு முத்துசாமி உன் சைக்கிளையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிடுவான். நான் வாசலில் நிற்கிறேன். இரண்டு பேரும் இறங்காமல் வாருங்கள்.

உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
சு. ராஜாமணி